மாமா பேரைச் சொல்லப் போன கதை

எங்கள் அத்தை வாயால் சொல்லாத பெயர் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது அவள் புருஷனின் பெயர். பெண்டாட்டி சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள், ஆகவே மற்ற பெண்களும்தான் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் இல்லாத சங்கடம் அத்தைக்கு இருந்தது. மாமாவின் பெயர் வரதராஜு. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லாமல் காலம் தள்ளுவது என்ன லேசான காரியமா? வைகாசி கருட சேவையன்று பெருமாள் தெருவில் திரும்பும்போது ஊரே கையைத் தூக்கிக்கொண்டு 'வரதா, வரதா' என்று கத்தும். அத்தை மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எதிர்வீட்டில் அதே பெயரில் ஒரு பொடியன் இருந்தான். அவனை அவள் 'ஏ, சிவப்புச் சட்டை' என்றுதான் கூப்பிடுவாள், அவன் வெறும் உடம்போடு நின்றாலும்.

மாமா புதுச்சேரிக்காரர். வெள்ளைக்காரர்கள் அங்கிருந்து கிளம்பியபோது, யார் யார் பிரான்ஸ் தேசத்துக் குடிகளாக இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்களாம். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டார். விடுப்பில் வந்து அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கப்பல் ஏறிப் போனவர்தான். அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்களுக்குத் தெரிந்த மாமா, மாதம் ஒரு நீல நிறக் கடிதம்தான். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அப்பா சேலை நெய்யும்போது தறியின் ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொடுப்பாள். எனக்குத் தலை வாரிவிடுவாள். ராத்திரி நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒருநாள் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக்கார ஆபீசிலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. விசா கொடுப்பதற்கு இன்ன தேதியில் காலை பதினோரு மணிக்கு நேரில் வரவேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் விசாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. பிரான்சில் இருக்கும் மகனிடம் போவதற்காக அந்த ஆபீசுக்குப் போய்வந்தவள் அவள். என் அம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அவள் காபியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உள்ள ஆம்பிளைங்கள வுட மாட்டாங்க. கூப்பிட்ட ஆளு மட்டும்தான் போவணும். துரை முன்னாடி குந்தவச்சி வூட்டுக்காரர் பேரு இன்னான்னு கேப்பாங்க. எழுதிக் குடுத்தா ஆவாது, வாயால சொல்லணும். சொல்லலேன்னா பொய்ப் பொண்டாட்டின்னு கடுதாசிய கட்டி வச்சிடுவாங்க."

அத்தையின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மாவே வழியும் சொன்னாள். சின்னக் குழந்தைகளை உள்ளே விடுகிறார்கள், அங்கே இருக்கும் குமாஸ்தா நம் ஊர் வழக்கம் தெரிந்தவர், குழந்தை சொன்னாலும் எழுதிக்கொள்வார் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு ஏற்பட்ட மரியாதை இருக்கிறதே, அதைப் போல் பிறகு எந்தக் காலத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. சோறு போடும்போதும் குளிப்பாட்டும்போதும் அம்மா திடீரென்று "மாமா பேரு இன்னா?" என்பாள். நான் மாமா பெயர், அவர் அப்பா பெயர், அவர் பிறந்த தெரு என்று பிசகாமல் ஒப்பிப்பேன். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் வராத வாய் அது.

விடியற்காலையில் அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய், அங்கே வேறு பஸ் மாறினோம். எனக்கு வழியெல்லாம் ஒரே நினைப்பு, எல்லை எப்படி இருக்கும் என்பதுதான். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் எங்கள் மாநிலம் பச்சையாகவும் புதுச்சேரி மஞ்சளாகவும் இருக்கும். எனவே பூமியும் அந்த இடத்தில் நிறம் மாறும் என்று எதிர்பார்த்திருந்தேன். கோரிமேடு வந்தபோது ஒரு மூங்கில் கழியும் இரண்டு கொட்டகையும்தான் இருந்தன. எங்கள் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கடை திறந்தே கிடக்கும். அதனால்தான் அந்தக் கழி. அன்றைக்கு அங்கிருந்து வந்த ஒரு வைக்கோல் லாரியில் புட்டி இருக்கிறது என்று துப்புக் கிடைத்து, வைக்கோலை முழுக்க ரோட்டில் இறக்கிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் பத்து வண்டிகள் நின்றன. கடிகாரம் கட்டியிருந்தவர் ஒருவரிடம் அப்பா மணி கேட்டார். பத்தாகப் போகிறது என்றார் அவர்.

"எறங்குங்க, நடந்தே தாண்டிப்போம்" என்றார் அப்பா.

அத்தை பட்டுச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் நடந்தாள். அவள் கல்யாணச் சேலை அது, அரக்கு நிறம். நான் கழியின் கீழே குனிந்து ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் மண் ஒரே நிறம். பெரிய ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் சிவப்பு நிறத்தில் உயரமான தொப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் மனம் ஆறிவிட்டது. வேறு தேசம் என்றால் வேறு தேசம்தான்!

அப்பா ரிக்‌ஷா பிடிக்க ஓடினார். நாங்கள் நிழலில் ஒதுங்கி நின்றோம். சிவப்புத் தொப்பிக்காரர் சும்மா இருக்க முடியாமல், எங்கே போகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று அத்தையைக் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துச் சொல்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "எங்க மாமா பேரு வரதராஜு!" என்று கத்தினேன். வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வெட்கத்தோடு சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

அப்பா ரிக்‌ஷாவோடு வந்தார். விசா விஷயமாகப் போகிறோம் என்று தெரிந்ததும் போலீஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "சீல் குத்திட்டாங்கன்னா அவ்ளோதாம்பா. எங்க சித்தப்பா பொண்ணு போயி ஏழு வருசமாவுது. இன்னும் மூஞ்சியே பாக்கல."

முத்திரை விழுந்தால் அத்தை போய்விடுவாள் என்ற விஷயத்தை அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. விசா என்றால் மாமாவிடமிருந்து வரும் ஏதோ ஒரு பெரிய கடிதம் என்று நினைத்திருந்தேன். ரிக்‌ஷாவில் அத்தை மடியில் உட்கார்ந்துகொண்டு ஏழு வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டோடு ஏழு சேர்த்தால் பதினைந்து. பதினைந்து வயதுவரை யார் தலை வாருவார்கள்? அம்மா வாரினால் கண்ணில் தண்ணீர் வரும். பாசத்தால்தான் அப்படி நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி பாசம்தான். மீதி, அத்தை போய்விட்டால் தறி ஓரத்தில் அவள் உட்காரும் பலகையில் என்னைத்தான் உட்காரவைப்பார்கள் என்ற பயம். ஆபீஸ் வாசலில் இறங்குவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையார்பாளையத்து அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அப்பாவை வெளி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், அவர் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட தமிழ்க் குமாஸ்தா. ஊர், வயது, கல்யாணம் நடந்த இடம் எல்லாவற்றையும் அத்தை தெளிவாகச் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா."

அத்தை என் கையை அழுத்தினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கை இருந்தது.

"சொல்லு கண்ணு" என்றாள் அத்தை. நான் மறுபடியும் இறக்கைகளை எண்ணினேன்.

"கொழந்தைக்குக் கூச்சம்போல. பரவால்ல, ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்க" என்றார் குமாஸ்தா. நல்ல மனுஷர்.

"எங்க ஊரு பெருமாள் பேருங்க" என்றாள் அத்தை.

"எந்தப் பெருமாள்மா? உங்க ஊர்ல தெருவுக்கு ஒரு பெருமாள் இருக்காரே?"

அத்தை கையை இறக்கைபோல் விரித்துக் காட்டினாள். கருட சேவையை அபிநயம் பிடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. குமாஸ்தா கழுத்தில் சிலுவை தொங்கியது, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளைக்காரர் மணியைப் பார்த்து ஏதோ சொன்னார். குமாஸ்தா பெருமூச்சு விட்டுக் காகிதங்களை அடுக்கி நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார்.

"நான் இன்னாம்மா செய்யறது? வாயால சொன்னாதான் எழுத முடியும். இன்னொரு நாள் வாங்க. ஆனா மறுபடி எப்பக் கூப்பிடுவாங்கன்னு எனக்கே தெரியாது."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வெறுமனே பார்த்தாள். நான் இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை என் கையை விட்டது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வரதராஜு" என்றாள்.

கருட சேவைக் கூட்டத்தில்கூட அவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளைக்காரர் சரியாகக் காதில் விழவில்லை என்று கையைக் காட்டினார். இரண்டாவது முறை சொன்னாள். அவர் அந்தப் பெயரைத் தன் வாயில் போட்டு ஒரு மாதிரி மென்றார். அது தப்பு என்று தலையசைத்து, அவருக்குப் புரியும்படி பிரித்துப் பிரித்து மூன்றாவது முறையும் சொன்னாள். அதற்குள் என் மனதில் மாமாவின் ஆயுசு மூன்று படி இறங்கிவிட்டது. குமாஸ்தா நாடாவை அவிழ்த்தார். முத்திரை டக்கென்று விழுந்தது.

வெளி கேட்டுக்கு வருவதற்குள் அத்தை தாலியை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அப்பா ஓடிவந்து, "சொல்லிட்டாளா?" என்று கேட்டார். "ம்" என்றாள் அத்தை. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போதும் அந்தக் கழியை நடந்துதான் தாண்டினோம். இந்தமுறை எங்கள் பக்கத்துப் போலீஸ். புட்டி இருக்கிறதா என்று பார்க்க எல்லோரையும் இறக்கி, ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று நிற்கவைத்தார்கள். அப்பா தள்ளி நின்ற நேரம் பார்த்து அத்தை குனிந்து என் காதில் சொன்னாள்.

"வூட்ல கேட்டாங்கன்னா நீதான் சொன்னேன்னு சொல்லணும். நான் வாயைத் தொறந்தேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. இன்னா?"

நான் தலையாட்டினேன். அத்தை பெரிய தப்புச் செய்துவிட்டாள், அது எனக்கு மட்டும்தான் தெரியும்! வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தைக் கேட்கவேண்டுமா? அம்மா நெட்டி முறித்தாள். பிள்ளையார்பாளையத்து அம்மா பாதுஷா வாங்கிவந்து ஊட்டினாள். எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அதோடு நின்றேனா? அத்தை ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அந்த ஒன்றரை மாதமும் அவளைப் பிழிந்தெடுத்தேன். ரிப்பன் வேண்டும், இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன். கண்ணாடி வளையல் வேண்டும், இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அத்தை, "ஐயையோ, சொல்லிடாத தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக் கொடுத்தாள். ஏன் சிரித்துக்கொண்டே கும்பிடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பயந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் என் பின்னலை அவிழ்த்து மறுபடியும் வாரிவிட்டாள். வண்டி நகரப் போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாமா பேரு இன்னா, இப்ப ஒருவாட்டி சொல்லு பாக்கலாம்" என்றாள். அழுதுகொண்டே சொன்னேன். "அது" என்று கையை நீட்டி என் தலையில் வைத்தாள். வண்டி போய்விட்டது.

மாமா எண்பது வயதுவரை திடகாத்திரமாக இருந்தார். அந்தப் போலீஸ்காரர் சொன்ன கணக்குக்கு மேலேயே, ஒன்பது வருடம் கழித்துத்தான் அத்தையைப் பார்த்தேன். அதற்குள் பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பழகிவிட்டது. அத்தையின் ரகசியத்தை நான்தான் காப்பாற்றிவருகிறேன் என்று அவ்வளவு வருடமும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கழியோரம் நான் கத்திச் சொன்ன பெயரை, பதினோரு மணிக்குள் மறந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியாதா? நான் வேண்டுமென்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று வீட்டில் தெரிந்திருந்தால் அம்மா என் முதுகுத் தோலை உரித்திருப்பாள். அன்று கழியைத் தாண்டும்போது அத்தை மறைத்தது தன் தப்பை அல்ல.