நெவேனாவின் நாற்பதாம் நாள்

எதைச் செய்வது என்று தெரியாத நிலை ஒருவரை எவ்வளவு களைப்புறச் செய்யும் என்பதை எதிர்வீட்டு நெவேனாவைக் கண்டே நான் அறிந்தேன். பிளோவ்திவ் நகரின் பின்னலாடை ஆலையில் தரம் பார்த்துத் தன் இளமையைக் கழித்தவள் அவள். ஆலை மூடப்பட்டதும் மாலை வகுப்புக்குச் சென்று நிரல் எழுதக் கற்றாள்; நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். குழப்பம் அதன் பின்னரே தொடங்கியது. எந்த நிறுவனத்தின் படியேறினாலும் ஒரே கேள்விதான் காத்திருந்தது.

"சர்டிபிகேட் இருக்கட்டும்மா. நீங்களா செஞ்சது ஏதாச்சும் இருந்தா காட்டுங்க."

வகுப்பில் எல்லாரும் செய்ததையே அவளும் செய்து காட்டினாள். அது மழை வருமா வராதா என்று சொல்லும் ஒரு செயலி. பார்த்த இளைஞன் கொட்டாவியை அடக்கிக்கொண்டான். "வர்றவங்க எல்லாருமே மழையோடதான் வர்றீங்க" என்றான். அடுத்து, அன்றாட வேலைகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றைச் செய்தாள். அதற்குக் கொட்டாவி கூடக் கிடைக்கவில்லை.

பிறகு யோசனைகள் வந்து குவிந்தன. இணையத்தில் நூறு யோசனைகள் கிடைத்தன: சமையல் குறிப்பு, நூலகம், கடை, அரட்டை. பஸ் ஓட்டும் கணவன் ராட்கோ, "குளிர்கால டயர் மாத்துற நாளை ஞாபகப்படுத்துற மாதிரி ஒண்ணு பண்ணேன். ஊருக்கே உபகாரமா இருக்கும்" என்றான். உடன் படித்த கலோயன், "டயரை விடுங்கக்கா, பேசுற ரோபோ பண்ணுங்க. இப்ப அதான் ஓடுது" என்றான். மகள் பிலியானா, "எதையாச்சும் ஒண்ணைப் பண்ணும்மா, இல்லாட்டி கம்ப்யூட்டரை எனக்குக் குடு" என்றாள். எல்லாமே செய்யத் தக்கவைதான். எனினும் எதையும் தொடங்க நெவேனாவுக்குக் கை எழவில்லை. காலையில் ஒன்றைத் தொடங்குவாள், மதியம் அழிப்பாள்.

இத்தாலியிலிருந்து தமக்கை கின்கா தொலைபேசியில் ஒரு கெடு வைத்தாள். "இங்க ஒரு கிழவரைப் பாத்துக்கற வேலை காலியா இருக்கு. வியாழக்கிழமை நீ இன்டர்வியூக்குப் போற இடத்துலயும் கிடைக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை இத்தாலி பஸ்ஸுல ஏறிடு. உனக்காக இடத்தைப் பிடிச்சு வெச்சுட்டு எத்தனை நாள் கெஞ்சுவேன்?"

ஏறினால் ஈராண்டுக்குத் திரும்ப இயலாது. அதற்குள் பிலியானா பள்ளியே முடித்திருப்பாள். அன்று முதல் நெவேனா சமையலறையில் நின்றபடியே உண்டாள்.

வழி பிறந்தது மாடிப்படியில். எங்கள் கட்டடப் பொறுப்பாளர் ஸ்தோய்னா கணவரை இழந்தவர். குரல் வளம் மிக்கவர். ஒருநாள் வாசற்கதவில் ஒட்டியிருந்த இரங்கல் தாள்களைப் பார்த்து அவர் புலம்பிக்கொண்டிருந்தார். கறுப்புக் கரையிட்டுப் போட்டோ பதித்த அத்தாள்களை இறந்த அன்றும், நாற்பதாம் நாளிலும், பின் மூன்று, ஆறு, ஒன்பது மாதங்களிலும், ஆண்டுதோறும் கதவிலும் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டாவிடில் இறந்தவரை மறந்துவிட்டதாக ஊர் பேசும்.

"பாருடி நெவேனா, எங்க வீட்டுக்காரரோட ஒன்பதாம் மாசத்தைத் தவற விட்டுட்டேன். மூணாவது மாடிக்காரி இப்ப என்னை ஒரு மாதிரி பாக்குறா. கம்ப்யூட்டர் படிச்சியே, மழை வருதுன்னு சொல்றதுக்கா படிச்ச? அதுக்குத்தான் எனக்கு வலிக்கிற முட்டி இருக்கே!"

நெவேனா வீட்டுக்குள் விரைந்தாள். வியாழனுக்குள் செய்து முடித்தாள். பெயரும் இறந்த தேதியும் கொடுத்தால், அச்செயலி நினைவு நாள்களைத் தானே கணக்கிடும். முறைப்படியான சொற்களுடன் தாளை வடிவமைக்கும். உறவினரின் தொலைபேசிக்கு நினைவூட்டல் அனுப்பும். ஒரு பட்டனை அழுத்தினால் தாள் நேரே அச்சுக்கடைக்குச் சென்று சேரும்.

சரிபார்க்க ஒரு பெயர் தேவைப்பட்டது. உயிரோடிருப்பவர் எவர் பெயரையும் இடுவதற்கு மனம் வரவில்லை, அது பெருந்தீங்கு. இறந்தவர் பெயரை விளையாட்டாக எடுப்பதோ அதனினும் தீங்கு. நெடுநேரம் தடுமாறி, யாருக்கும் பங்கமில்லை என்று தேர்ந்து, தன் பெயரையே இட்டாள். தன் போட்டோவையே பதித்தாள். தேதியை நிரப்பாததால் செயலி தானே அன்றைய தேதியை இட்டுக்கொண்டது. உறவினர் என்ற இடத்தில் ராட்கோவின் எண்ணையும் ஸ்தோய்னாவின் எண்ணையும் என் எண்ணையும் சேர்த்தாள். அச்சுக்கடை என்ற இடத்தில் அவள் அறிந்த ஒரே கடையான, தெருமுனை மனோலின் முகவரியைக் கொடுத்தாள். புதன் மாலை பட்டனை அழுத்தினாள். "அனுப்பப்பட்டது" என்று திரையில் வந்ததும் மகிழ்ந்து உறங்கச் சென்றாள். அனுப்பப்பட்டதைப் பெறுபவர் ஒருவர் இருப்பார் என்பது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

வியாழன் விடியலிலேயே ராட்கோவின் பஸ்ஸில் ஏறி நகர்நடுவுக்குப் போய், ஒரு காப்பிக்கடையில் அமர்ந்து கேள்விகளுக்கு ஆயத்தமானாள்.

கடையைத் திறந்த மனோல் திரையில் தெரிந்த முகத்தைக் கண்டு சிலுவைக்குறி இட்டான். துக்க வீட்டை நச்சரிக்கலாகாது என்பது எங்கள் வழக்கம். ஆதலின் யாரையும் கேளாமல் எப்போதும்போல் ஒரு கட்டு அச்சிட்டான். காசு வேண்டாமென்று தீர்மானித்தான். தானே பசை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பஸ் நிறுத்தத்தில் இரண்டு, ரொட்டிக்கடையில் ஒன்று, எங்கள் வாசற்கதவில் ஒன்று.

ஸ்தோய்னா அதைக் கண்டு போட்ட கூச்சலில் நான் கீழே ஓடினேன். நெவேனாவின் கதவைத் தட்டினோம். திறப்பாரில்லை. ராட்கோ பஸ்ஸிலும் பிலியானா பள்ளியிலும் இருந்தனர்.

"இந்தத் தாளை அவதான் செஞ்சா, கம்ப்யூட்டர்ல செய்றதை நான் பாத்தேன்" என்று ஸ்தோய்னா மார்பில் அடித்துக்கொண்டார். "நோய் இருந்திருக்கு, நம்மகிட்டச் சொல்லல. தனக்குத் தானே முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சுட்டுப் போயிட்டா, புண்ணியவதி! நான் வேற முட்டி அது இதுன்னு பேசிட்டேனே!"

எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. கோயில் பாடகர் வரிசையில் நிற்பவன் நான். இறந்தோருக்கான துதி தானாகவே நாவில் எழுந்தது.

அதே காலை, நேர்காணல் நடத்த வேண்டிய அசேன் எங்கள் நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அவருடைய பையில் நெவேனாவின் விண்ணப்பமும், கண்ணெதிரே கம்பத்தில் அதே போட்டோவும் இருந்தன. தொப்பியைக் கழற்றிச் சற்று நின்றார். அலுவலகம் சேர்ந்ததும் பதினொரு மணி நேர்காணலை நீக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்கு நெவேனா போய் நின்றாள். வரவேற்பில் இருந்த பெண், "அவங்க வரமாட்டாங்கன்னு சார் சொன்னாரே" என்றாள்.

"யாரு வரமாட்டாங்க?"

"நெவேனா பெட்கோவா."

"நான்தாம்மா அது."

அந்த நெவேனா இறந்துவிட்டதாகக் கேட்டிருந்த பெண் வீறிட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அசேன் கதவுப்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டார்.

"நீங்க... காலையில பஸ் ஸ்டாப்ல..."

"நான் காலையில பஸ் ஸ்டாப்ல நிக்கலையே. எங்க வீட்டுக்காரர் வாசல்லயே ஏத்திக்கிட்டாரு."

"ஸ்டாப்ல நிக்கலம்மா. கம்பத்துல இருந்தீங்க. கறுப்புக் கரையோட."

நெவேனாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இறந்தது தானா, வேறொரு நெவேனாவா என்று கூட ஒரு கணம் ஐயுற்றாளாம். பிறகு தான் அழுத்திய பட்டன் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் கண்முன் வந்து நின்றது. தான் உயிரோடிருப்பதை ஸ்தோய்னாவுக்கும் கணவனுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, திரும்பிப் போகவே கிளம்பினாள்.

"எங்க போறீங்க? வந்ததுக்கு ஏதாச்சும் காட்டிட்டுப் போங்க" என்றார் அசேன்.

"காட்டறதுக்கு என்ன இருக்கு சார்? நீங்கதான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே."

அசேன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதுவரைக்கும் எத்தனையோ மழையைக் காட்டியிருக்காங்க. ஒண்ணுக்கும் நான் குடை எடுத்ததில்ல. உங்களுதுக்குத் தொப்பியைக் கழட்டிட்டு நின்னேன். அது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல. உக்காருங்க. மாதிரித் தாள் கடைக்குப் போகாம எப்படித் தடுப்பீங்க? இங்கயே, என் கண்ணெதிர்ல பண்ணுங்க."

அமர்ந்தாள். தேதி தானாக நிரம்புவதை நீக்கினாள். அனுப்பும் முன் இருமுறை கேட்கச் செய்தாள். தாளின் குறுக்கே "மாதிரி" என்று பெரிய எழுத்தில் விழச் செய்தாள். அவர் குறுக்கிட்டுக் கேட்டவற்றுள் பாதிக்குத் தெரியாது என்றே பதில் சொன்னாள். ஆயினும் மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது, அது வேலையா தண்டனையா என்பதே அவளுக்கு விளங்கவில்லை. "அப்ப நான் ஞாயித்துக்கிழமை இத்தாலிக்குப் போகணுமா வேணாமா?" என்று கேட்டாளாம். அசேனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "திங்கக்கிழமை வாங்க" என்றார்.

அன்று மாலை அவள் தன் இரங்கல் தாளைத் தானே கிழித்தபடி படியேறி வந்தாள். ஸ்தோய்னா கட்டிப் பிடித்து அழுதார். உடனே திட்டவும் செய்தார். "நீ செத்துட்டேன்னு நினைச்சு அழுததுல மூணாவது மாடிக்காரியோட கூட ராசியாயிட்டேனேடி! இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது?" இறந்தவருக்கான வழக்கப்படி இரட்டைப்படை எண்ணிக்கையில் பூ வைத்து வந்து சேர்ந்திருந்த பூங்கொத்துகளை என்ன செய்வதென்று தெரியாமல் ராட்கோ அவற்றை வாளியில் வைத்தான்.

எல்லாம் அடங்கிப்போயிற்று. நெவேனா நாள்தோறும் வேலைக்குப் போய் வந்தாள். அச்சுக்கு அனுப்பும் வழியைத் திருத்தினாளே ஒழிய, செயலியிலிருந்து தன் பெயரை நீக்க அவள் மறந்திருந்தாள். ஒருநாள் காலை என் தொலைபேசி ஒலித்தது. "இன்று நெவேனா பெட்கோவாவின் நாற்பதாம் நாள். கோதுமை அவிக்க மறவாதீர்." இறந்தவரின் நினைவுக்குக் கோதுமை அவித்து அக்கம்பக்கத்தில் கொடுப்பது எங்கள் வழக்கம்.

அன்று மாலை நெவேனா வேலை முடிந்து வந்தபோது, சர்க்கரை தூவிய அவித்த கோதுமைக் கிண்ணத்துடன் ஸ்தோய்னா என்னருகே படியில் நின்றார்.

"அத்தை, யாருக்கு?"

"உனக்குத்தான். நீ உயிரோட இருக்கிறது எனக்கும் தெரியும். ஆனா ஒன்பதாம் மாசத்தை ஒருதரம் தவற விட்டவ நான். போன் சொன்னப்புறம் பேசாம இருக்க மனசு வரல. சாப்பிடு."

நெவேனா ஒரு கரண்டி வாயிலிட்டாள். கோதுமை வாங்கினால் இறந்தவருக்காகச் சொல்லவேண்டிய சொல் பழக்கத்தால் தானாகவே வந்துவிட்டது: "கடவுள் அவளை மன்னிக்கட்டும்."

சொன்னபின் அப்படியே நின்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, இதை நானே சொல்லலாமா?"

ஸ்தோய்னா என்னைப் பார்த்தார். கோயிலில் பாடுகிறவனாயிற்றே, தெரிந்திருக்கும் என்று எண்ணினார் போலும். எனக்கும் தெரியவில்லை.