பாயில் பிடித்து வைத்த இடம்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் பெண்களுக்குக் கழிவறைக் கதவு வேண்டும் என்று மேனேஜர் அறைக்குள் நுழைந்து கத்தியவள் நான். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதும் இந்த வாய்க்காகத்தான். அப்படிப்பட்ட வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டே வார்த்தை பேசியது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் சபை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனால் ஆராதனை முடிவதற்குள் தோளில் நாலு கரிப்பொட்டாவது விழும், உருக்காலைப் புகை அப்படி. உள்ளே பெஞ்சு கிடையாது, கோரைப் பாய்தான். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள், நடுவில் எங்கள் போதகர் ஐயர் நடந்து வர ஒரு வழி. பெண்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் பைபிளை வைத்துவிட்டால் அந்த இடம் பிடித்தாயிற்று. யாராவது உட்கார வந்தால் "ஆள் வருது" என்றால் போதும், மறுபேச்சு இல்லாமல் தள்ளிப் போய்விடுவார்கள். நைட் ஷிப்ட் முடிந்து ஓடி வருகிறவர்களுக்காக ஏற்பட்ட பழக்கம் அது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். தம்பியாகப் பிறந்தவள். பதினெட்டு வயதில் என் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவளை நைனா பார்த்துவிட்டார். பெல்ட்டால் அடித்து, அன்றைக்கே வெளியே தள்ளினார். "இந்த ஊட்டு வாசப்படிய மிதிச்ச, கால ஒடச்சிடுவேன்" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். பிறகு நைனா செத்தபோதும் சரி, அம்மா செத்தபோதும் சரி, அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை.

ரொம்ப நாள் கழித்து எப்படியோ என் செல்போன் நம்பரைப் பிடித்துப் பேசினாள். வியாசர்பாடியில் தன்னைப் போன்ற நாலு பேரோடு இருப்பதாகவும், கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுவதாகவும் சொன்னாள். அதிலிருந்து மாதம் ஒருமுறை பேசுவோம். வீட்டுக்கு வா என்று நான் சொன்னதில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அம்மா எங்கள் ஐயரைப் பார்க்க வந்தார். அரவாணிகள், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், இவர்களுக்கெல்லாம் திருச்சபையில் இடம் உண்டா என்று பேச ஒரு சனி ஞாயிறு கூடலாம் என்றார். சனிக்கிழமை எங்கள் நர்சரிப் பள்ளி ஹாலில் கூட்டம், ஞாயிறு காலை எங்கள் சபையோடு சேர்ந்து ஆராதனை. எங்கள் ஐயர் பயந்த சுபாவம். ஆனாலும் சரி என்றார். சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் தங்கைக்குப் போன் போட்டேன்.

"நான் வந்தா எங்கக்கா உக்கார்றது?" என்றாள்.

"ஹால்ல சேர் போட்டிருக்கோம்."

"அது சனிக்கெழம. ஞாயித்துக்கெழம கோயில்ல?"

எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. "என் பக்கத்துல. எடம் புடிச்சி வெக்கிறேன்டி" என்றேன். அவளை அதுவரை நான் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் சொன்னாள்: "சின்ன வயசுல நைனா பக்கத்துல உக்காந்துக்கினு, அந்தாண்ட அம்மா முக்காடு போட்டுக்கினு பாடறதயே பாத்துக்கினு இருப்பேன். அந்தப் பாயில உக்காந்து ஒரு தபா பாடிடணும்க்கா. இன்னா கூட்டம், இன்னா பேசுவாங்க, அதெல்லாம் எனக்கு வேணா. அது ஒண்ணு போதும்."

சனிக்கிழமை முப்பது பேர் போல வந்தார்கள். எல்லாரும் வெளியூர். ஒரு இளைஞர் எழுந்து, தன்னிடமிருந்து பிசாசை ஓட்ட அவருடைய சபை மூன்று நாள் உபவாசம் இருந்ததைச் சொன்னார். "கடைசியில ஓடினது நான்தான்" என்று சிரித்துவிட்டு, உட்கார்ந்து அழுதார். நானும் சாம்பார்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அந்த அம்மா வேதத்தில் அண்ணகர்களை, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்களை, பற்றி வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இத்தனை வருஷம் கோயிலுக்குப் போகிறேன், அவற்றை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. குடும்பத்தார் யாராவது பேசுகிறீர்களா என்று அவர் கேட்டதும் போய் மைக்கைப் பிடித்தேன்.

"இது என் தங்கச்சி. என் கூடப் பொறந்த பொறப்பு. இவளத் தொரத்துனது எங்க ஊடு. தப்பு எங்களது" என்றேன்.

கைதட்டினார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பெருமையாக இருந்தது.

ஆனால் அந்த ஹாலில் எங்கள் சபையார் என்று பார்த்தால் ஐயரும் நானும்தான். சனிக்கிழமை இங்கே எல்லாக் கம்பெனிக்கும் வேலை நாள். நான் லீவு போட்டிருந்தேன். சென்னைக்காரர்களுக்குத் தோதாக நாள் பார்த்தோமே தவிர, மறுநாள் பாயில் உட்காரப் போகிறவர்கள் காதில் ஒரு வார்த்தை விழ வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் ஹாலிலேயே படுத்துக்கொண்டார்கள். என் வீடு அங்கிருந்து எட்டு வீடு தள்ளி. நான் அவளைக் கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை முதல் ஆளாகப் போய்ப் பாய் விரித்தேன். ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் என் பைபிளை வைத்தேன். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். பாய்கள் நிரம்பின. முதல் பாட்டுக்குச் சற்று முன்னால் அவள் உள்ளே வந்தாள். இதற்கென்றே வாங்கிய வெள்ளைப் புடவை, மெல்லிய நீலக் கரை. தலையில் முக்காடு. நாற்காலிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராகப் பெண்கள் பக்கம் வந்தாள்.

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பேச்சு நின்றது. எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரம்மா ஒருத்தி, நீட்டியிருந்த காலை வெடுக்கென்று மடக்கி, மகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். இவர்களோடுதான் நாளைக்குத் தண்ணீர் லாரி வரிசையில் நிற்க வேண்டும், இவர்களோடுதான் கம்பெனி வேனில் போக வேண்டும் என்று மனசுக்குள் ஓடியது.

அவள் குனிந்து, சிரித்துக்கொண்டே, பைபிளை எடுக்கக் கை நீட்டினாள். "இதானக்கா எடம்?"

"ஆள் வருது" என்றேன்.

முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வழியில் போகிறவளிடம் சொல்வது போலச் சொன்னேன். நீட்டிய கை அப்படியே கொஞ்சம் நின்றது. பிறகு அவள் நிமிர்ந்து, "சரிங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. யாரோ எவரோ மாதிரி, மரியாதையாக, "சரிங்க." என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனாள் பாவி.

செருப்பு விடும் வராந்தாவில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அதில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியதும் ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது, அம்மாவுக்கு இருந்த அதே குரல். எனக்கு வாய் திறக்கவில்லை. நற்கருணைக்கு ஆண்கள் போனார்கள், பிறகு பெண்கள் போனோம். எல்லாரும் முடிந்த பிறகும் ஐயர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். அவள் எழுந்து வரவில்லை. ஐயர் கிண்ணத்தை வைத்து வெள்ளைத் துணியால் மூடினார். ஆராதனை முடியும்வரை என் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடினேன். கவரைப்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டில் நின்றிருந்தாள். புடவைத் தோளில் கரிப்பொட்டு.

"இன்னாக்கா, ஆள் வந்துச்சா?" என்றாள்.

இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

"நான் வேற, யாரோ பாவம் எடம் இல்லாம நிக்கப் போவுதேன்னு பாத்தேன்." சிரித்தாள். நான் நடுரோட்டில் அழ ஆரம்பித்துவிட்டேன். "ஐய, அழுவாத. பேஜாரு பண்ணாத, எல்லாரும் பாக்கறாங்க பாரு. சனிக்கெழம மைக்ல சொன்னியே, அது போதும்க்கா எனக்கு."

"அடுத்த வாரம் வாடி. நானே கையப் புடிச்சி இட்டுக்கினு போறேன்."

"வரேன், வரேன். நீ போயி நாஷ்டா துன்னு, மொகம் வெளுத்துக் கெடக்குது."

ஆட்டோ வந்தது, ஏறிப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பைபிளை வைத்து இடம் பிடித்தேன். போன் போட்டால், "இந்த வாரம் கல்யாண ஆர்டருக்கா" என்பாள். எழுந்து வியாசர்பாடிக்குப் போயிருக்கலாம். ஒரு ரயில்தானே? போகவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவளோடு இருந்த ஒருத்தி போன் செய்தாள். மஞ்சள் காமாலை, முற்றிவிட்டதாம். அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "உனக்குச் சொல்ல வேணான்டுச்சிக்கா. அந்த வெள்ளப் பொடவயத்தான் கட்டி உட்டோம்" என்றாள்.

அந்த ஞாயிறும் என் கை பழக்கதோஷத்தில் பைபிளைப் பக்கத்தில் வைத்துவிட்டது. கம்பெனி ஹாஸ்டலில் புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒரு பெண் குனிந்து, "அக்கா, இங்க ஆள் வருதா?" என்று கேட்டாள். நான் வாய்விட்டு அலறிவிட்டேன். பாட்டு நின்றுபோனது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மறைக்க இனி என்ன இருக்கிறது? தங்கையைப் பற்றியும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பின்வரிசைத் தெருக்காரம்மா என் கிட்டே நகர்ந்து வந்தாள்.

"வெள்ளப் பொடவ கட்டிக்கினு வந்துச்சே, அதுவா உன் தங்கச்சி?" என்றாள். "அதுக்கு எடம் பத்தணுமேன்னுதான் நான் கால மடக்கிக்கினு, பொண்ணயும் இப்பிடி இழுத்து உக்கார வெச்சேன். நீதான ஆள் வருதுன்ன?"