செத்தவருக்கு எதற்கு மூச்சு மருந்து

ஓயோ நகரத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊர்ச் சந்தை முனையில் அக்காரா வடை சுட்டு விற்கிறவள் அபேகே. காராமணி மாவை அவள் அடிக்கிற அடியில் பாதித் தெரு விழித்துக்கொள்ளும். வாயும் அப்படித்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் திறக்கக் கூடாது.

முன்னோர் திருநாளன்று அவள் புருஷன் ஓஜேலாபி, "வயலுக்குப் போறேன்" என்று கிளம்புவான். வருஷா வருஷம் இதே பொய். அவளும் கிழங்கு கட்டிக் கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் தோப்பிலிருந்து முகமூடி வரும்: உச்சியில் செதுக்கிய மரத்தலை, கீழே பாதம்வரை தொங்கும் துணி அடுக்குகள். உள்ளே ஆள் கிடையாது, செத்துப்போன தாத்தாதான். பெண்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை ஓஜேலாபிக்குக் கடுமையான இளைப்பு. இன்ஹேலரைக் கட்டிலிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். உச்சி வெயிலில் முகமூடி எங்கள் தெருவில் ஆடியபோது, முரட்டுக் குரலுக்கு அடியில் அந்த விசில் சத்தம் எனக்கே கேட்டது. பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்த அபேகே தலையை நிமிர்த்தினாள்.

"தாத்தா, ரொம்ப நேரமா ஆடுறீங்க. செத்த உக்காருங்களேன்."

முகமூடிக்குக் காவலாகப் பிரம்போடு வந்த அக்கான்பி குறுக்கே வந்தான். "செத்தவங்களுக்குக் களைப்பு ஏது அக்கா? உனக்குத்தான் அக்காரா சுட்டுச் சுட்டு இடுப்பு விட்டுப்போச்சு!" தெருவே சிரித்தது.

அபேகே இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். கோலாக் கொட்டைகளோடு இன்ஹேலரையும் காணிக்கையாகப் பாதத்தருகே வைத்தாள். அக்கான்பியின் முகம் ஒரு கணம் மாறியது. ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "மூச்சே விடாதவருக்கு மூச்சு மருந்தா?" என்று பிரம்பால் தள்ளிவிட்டான். இன்னும் பெரிய சிரிப்பு. அவனை அறையலாம்போல இருந்தது எனக்கு. நானும் சும்மாதான் இருந்தேன்.

முகமூடி இன்னும் கொஞ்சம் ஆடியது. பிறகு மரத்தலை மண்ணில் மோதியது.

"பொம்பளைங்கல்லாம் உள்ள போங்க!" ஆண்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். முரசுச் சத்தம் ஓங்கியது. அபேகே என் வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை. அழுதால், உள்ளே யார் என்று தெரிந்தவள் ஆகிவிடுவாள். "தாத்தா மேலோகம் திரும்பிட்டாரு!" என்று வெளியே கத்தினார்கள்.

சாயங்காலம் குடும்பத்துப் பெரியவர்களும் அக்கான்பியும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மனசத் தேத்திக்கோ தாயி. உன் புருஷன் வயல்ல மயங்கி விழுந்து…"

அபேகே அக்கான்பியையே பார்த்தாள்.

"எந்த வயல்ல?"

பெரியவர் ஒருவர் கிழக்கே கை காட்டினார், அதே நேரம் அக்கான்பி மேற்கே காட்டினான்.