உலைவாயும் இருநூறு எம்.எம். லென்சும்

ஜெரால்டுக்கு வெள்ளிக்கிழமை ரிட்டையர்மெண்ட். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் உலை பார்த்த மனுஷர். அத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்த இடத்தின் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. செல்போனையே கேட்டில் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி அது. மனைவி கிரேஸ் அந்தக் கேட்டைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. தான் நின்ற இடத்தை அவளுக்கு ஒரு தரம் காட்டிவிட வேண்டும் என்று ஜெரால்டுக்கு ஒரே அரிப்பு.

அப்போதுதான் டிரங்குப் பெட்டியில் கிடந்த லென்ஸ் ஞாபகம் வந்தது. இருநூறு எம்.எம்., முழுக்கக் கையால் திருகுவது. கல்யாணத்துக்கு முன்னால் பர்மா பஜாரில் வாங்கியது. சோழவரம் ரேசுக்கு அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போவார். காரைத் துரத்திப் படம் பிடிக்க முடியாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டார். வளைவில் ஒரு இடத்தைக் குறிவைத்து ஃபோகஸை நிறுத்திவிட்டு, கார் அங்கே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு ரோலில் ஆறு படம் தேறினால் அன்றைக்கு அவர்தான் ராஜா. என்ன நாட்கள் அவை! ரேஸ் நின்றது, மில் வேலை கிடைத்தது, கிரேஸ் வந்தாள், லென்ஸ் பெட்டிக்குள் போனது.

பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், உள்ளே ஓரமாக நூலாம்படை மாதிரி பூஞ்சை. இது தேறுமா தேறாதா என்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளம்பினார். மகள் மோனிகா தன் கேமராவோடும், பழைய லென்ஸை அதில் மாட்டும் வளையத்தோடும் கூட வந்தாள். மில்லின் பின்பக்கம் சாலைக்கு எதிரே தொழிலாளிகள் சாப்பிடும் மெஸ். அதன் மொட்டைமாடியிலிருந்து, மில் சுவரில் தகரம் கழற்றிய இடைவெளி வழியாக உலைக்கதவு தெரியும். கைப்பிடிச் சுவரில் அரிசிப் பையை வைத்து அதன்மேல் கேமராவைப் பதித்தார்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. உலைக்கதவின் கைப்பிடியில் ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கதவு திறந்தது. ஜெரால்டின் இடத்தில் அன்று நின்ற, அவர் வீட்டுக்கும் வந்துபோகிற அன்புசெல்வன் கட்டையைக் கவ்வி இழுக்கும் கொறடாவோடு முன்னால் வந்தான். பழுத்த இரும்புக்கட்டை வெளியே வந்தது. க்ளிக்.

திரையைப் பார்த்த ஜெரால்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடி இது? இரும்பு வெள்ளையா கீது! இவ்ளோ சூடு ஏத்தினா கட்டை உருகிப் பூடும். எனக்கு மெமோ குடுத்திருப்பான்!"

"நைனா, கேமரா தானா கலர மாத்திக்குது. வெயில் செட்டிங்ல வெச்சா சரியாயிடும், இரு."

மோனிகா மாற்றிக் கொடுத்தாள். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிறவரை ஏமாற்ற முடியுமா? பறங்கிக்காய் நிறமென்றால் இன்னும் வேகவில்லை, எலுமிச்சை நிறமென்றால் எடுக்கலாம். அடுத்த படத்தில் நிறம் சரி, ஆனால் பூஞ்சையால் நெருப்பைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். ஓரத்துப் பூஞ்சை மறையட்டும் என்று லென்ஸின் வாயை ஒரு திருகு சுருக்கினார். படம் இருட்டியது. குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ, மோனிகா ஐஎஸ்ஓவை மூவாயிரத்துக்கு மேல் ஏற்றினாள். ஃபிலிம் காலத்தில் நானூறு கிடைப்பதே பெரும்பாடு. ஏழாவது தரம் கதவு திறந்தபோது எடுத்த படத்தில் எலுமிச்சை நிற இரும்பு, அன்புசெல்வனின் நெற்றி வேர்வை, கொறடாவின் பல் எல்லாமே பளிச்சென்று விழுந்திருந்தன. சோழவரத்தில்கூட இப்படி ஒரு படம் வாய்த்ததில்லை. ஜெரால்ட் மாடியிலேயே விசிலடித்தார்.

படம் காட்டும் ஆசையில் ஒன்றை அடியோடு மறந்தே போயிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கிரேஸிடம் அவர் சொல்லி வைத்திருந்தது வேறு கதை. அவள் பயப்படக் கூடாதென்று, கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிற வேலை என்று.

வீட்டில் மோனிகா படத்தை டிவியில் போட்டாள். கிரேஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். திரை முழுக்க நெருப்பு, அதன் வாயோடு ஒட்டினாற்போல் ஒரு ஆள்.

"அன்புசெல்வன் நிக்கிறதுதான் உன் எடமாய்யா?"

ஜெரால்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது... அவ்ளோ கிட்ட இல்ல கிரேஸ். இந்த லென்ஸ் அப்பிடித்தான் காட்டும். தூரமா கீறத ஒட்டி வெச்ச மாதிரி காட்டும்."

அவர் சொன்னது பொய்யுமில்லை. அந்த ரக லென்ஸ்கள் அப்படித்தான் காட்டும்.

கிரேஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடவினாள். அனலில் பொசுங்கி, ஒரு மயிர் இல்லாமல் வழவழவென்றிருந்தது அந்தக் கை.

"கண்ணாலம் கட்டிக்கினு வந்த வருசத்துலேந்து இத பாத்துக்கினு கீறன். இதுவும் லென்ஸ் வேலதானா?"

ஜெரால்ட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.