பிடிபட்ட பிறகு

2011 பெப்ரவரி 20: கொழும்பு: ரூ. 640
2011 மார்ச் 6: புத்தளம்: ரூ. 110
2011 மார்ச் 20: சிலாபம்: ரூ. 230
2011 மார்ச் 27: சிலாபம்: ரூ. 230

பள்ளிவாசல்துறையில் பாடசாலைச் சீருடை தைத்து வாழ்ந்த ஜுமானா, கட்டிப் பிடித்து மல்லாடும் கலையொன்றைத் தேடி அலைந்த நாட்களும் அதற்கான பஸ் காசும் இவை. கராத்தேயில் கறுப்புப் பட்டி வாங்கியவளுக்கு இந்த அலைச்சல் எதற்கு என்று கேட்டவர்கள் பலர்.

அந்த ஜனவரியில், புத்தளம் போகும் பஸ்ஸில், மூச்சுவிட இடமில்லாத நெரிசலில், பின்னாலிருந்து ஒருவன் அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்தான். குத்துவதற்குக் கை நீள வேண்டும். உதைப்பதற்கு ஓரடியாவது வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை. பத்து வருடப் பயிற்சி கல்லாய்ச் சமைந்து நின்றது. இறங்கவேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்தாள்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் பதினொரு பெண் பிள்ளைகளுக்கு அவள் கராத்தே பழக்கி வந்தாள். "ஒழுங்காப் பழகினா ஒருத்தனாலயும் உங்களப் பிடிக்கேலாது" என்பது வாரந்தோறும் அவள் சொல்லும் வசனம். அந்த வாரம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வகுப்பை நிறுத்தினாள். பொய்யைச் சொல்லிப் பழக்குவதைவிடப் பூட்டி வைப்பது மேல். பிடிபட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியும்வரை அந்தக் கதவைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையல் மெஷினில் துணி இல்லாமலே கால் மிதித்துக்கொண்டிருக்கும்.

"நூல் இல்லாம ஆருக்குப் புள்ள தைக்கிறாய்?" என்றாள் உம்மா மர்ளியா.

"கால் சும்மா இரிக்குதில்ல உம்மா."

கொழும்பில் ஜியு-ஜிட்சு பார்த்தாள். நிலத்தில் விழுந்த பிறகும் பிடியை உடைக்கும் வித்தை. அவளுக்கு வேண்டியது அதேதான். ஆனால் அங்கே பெண் ஒருத்தியும் இல்லை. "பொடியன்மாரோட பழகலாம் மிஸ், அவங்க நல்ல பிள்ளைகள்" என்றார் மாஸ்டர். நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டாள். புத்தளத்தில் மல்யுத்தம் பழகிய பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய உடுப்பு தொடையோடு முடிந்தது. நீளக் காற்சட்டை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சிரிப்புத்தான் கிடைத்தது.

சிலாபத்தில், தேவாலய மண்டபத்தில், ஞாயிறு பின்நேரங்களில் யூஜீனியா பெண்களுக்கு ஜூடோ பழக்கினாள். காலையில் சந்தையில் மீன் விற்கும் பெண், நாற்பது வயது, தூண் போன்ற முன்னங்கைகள். ஜூடோவின் தடித்த சட்டை கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடியது. பிடிப்பதும் அந்தச் சட்டையைத்தான். ஜுமானாவுக்கு மனம் பொருந்திவிட்டது. ஆனால் தொடங்குமுன் எல்லோரும் முழங்காலிட்டு, கைகளை ஊன்றி, மெத்தையை நோக்கித் தலை தாழ்த்த வேண்டும்.

"நான் தல வைக்கிறது தொழுகையில மட்டுந்தான் அக்கா. கராத்தேயில நெஞ்சில கைய வச்சாப் போதும் எண்டு விட்டவங்க."

"இது கராத்தே இல்ல. குனியாத ஆளை நான் மெத்தையில ஏத்த மாட்டன்."

அன்று பழகாமலே திரும்பினாள். வாரம் முழுவதும் தூங்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போய் வாசலில் நின்றாள். யூஜீனியா ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. நாங்க குனிஞ்சு முடிஞ்ச பிறகு உள்ள வா. பிந்தி வந்தவள் எண்டு எழுதுறன். பிந்தி வந்தவளுக்கு வணக்கம் இல்ல, திட்டு மட்டுந்தான்."

அன்றிலிருந்து எல்லோருக்கும் முன்னே வந்து வாசலில் காத்திருந்தவள் ஜுமானா. வரவுப் புத்தகத்தில் எப்போதும் பிந்தியவளும் அவளே.

பிடித்தால் உடனே பின்வாங்கி இடைவெளி தேடுவது கராத்தேக்காரரின் பழக்கம். முதல் மாதம் முழுவதும் அதனாலேயே விழுந்தாள். ஒருமுறை பதற்றத்தில் முழங்கையை வீசி யூஜீனியாவின் மூக்கை உடைத்துவிட்டாள்.

"ஆளைக் கொல்ல வந்தியா, பழக வந்தியா?" யூஜீனியா இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் ஓடுறாய்? பெரிய மீனைக் கை நீட்டித் தூக்கேலுமா? நெஞ்சோட அணைச்சாத்தான் கிளம்பும். பிடிக்கிறவனுக்குக் கிட்ட போ. இன்னும் கிட்ட."

யாருக்குப் பயமோ அவனை நோக்கியே நெருங்குவது என்ற அந்த ஒன்றைப் பழக ஜூலை ஆயிற்று. ஓகஸ்டில் யூஜீனியா, வயோதிபர் ஒருவரைப் பராமரிக்கும் வேலைக்கு இத்தாலி போய்விட்டாள். வகுப்பு கலைந்தது. கற்றது உண்மையான ஆண்பிடிக்குத் தாங்குமா என்பது தெரியாமலே போயிற்று. சங்கக் கட்டடம் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் தெருவில் கண்டு, "காய்ச்சல் சுகமா டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஒக்டோபர் 7, வெள்ளி. கடலுக்குப் போகாத நாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மூத்த சகோதரன் ஸியாத்தின் முன்னால் போய் நின்றாள். அவளைத் தொடக்கூடிய ஆண் ஊரில் அவன் ஒருவன்தான்.

"நானா, பின்னால வந்து என்ன இறுக்கிப் பிடிங்க."

"பைத்தியமா ஒனக்கு? நான் பிடிச்சா எலும்பு நொருங்கும்."

"பஸ்ஸில ஒருத்தன் பிடிச்சான்."

ஸியாத்தின் கை வலையிலேயே நின்றது. "ஆரு?"

"மொகத்தப் பாக்கல்ல. அதுதான் பிடிக்கச் சொல்றன்."

அவன் வலையை ஒருபக்கம் ஒதுக்கி வைத்தான். பிறகு எழுந்து, பின்னால் வந்து, இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டினான். வலை இழுத்து உரமேறிய கைகள். அவள் உடம்பு பஸ்ஸில் போலவே விறைத்தது.

"விடட்டா?"

"விடாதீங்க."

மூச்சை வெளியே விட்டாள். முன்னால் ஓடவில்லை, இடுப்பைத் தாழ்த்திப் பின்னால், அவனுக்குள்ளேயே நெருங்கினாள். அவன் சட்டைக் கையைப் பற்றித் திரும்பினாள். ஸியாத் மணலில் கிடந்தான். வாசலில் நின்ற உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடி பிடிக்கட்டா?" என்றான் அவன், படுத்தபடியே.

"ஓம். இந்தமுறை இன்னும் இறுக்கி."

ஐந்து முறை பிடித்தான். மூன்று முறை விழுந்தான். இரண்டு முறை அவள் தப்பவில்லை. அந்த இரண்டும் அவளை இன்றும் அரிக்கின்றன; வெள்ளிதோறும் அவனைக் கூப்பிடுகிறாள்.

மறுநாள் கட்டடத்தைத் திறந்தாள். பதினொருவரில் ஒன்பது பேர் வந்தார்கள்.

"பிடிப்பானுகள்" என்று தொடங்கினாள். "பிடிச்ச பிறகு என்ன செய்யிற எண்டுதான் இனிப் படிக்கப் போறம். எப்பவும் சரிவராது. அதையும் சொல்லித் தருவன்."

இதையெல்லாம் இத்தாலிக்கு எழுதினாள். யூஜீனியாவிடமிருந்து மொத்தம் மூன்று கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதத்தில் நலவிசாரிப்புக்கூட இல்லை. நானா விழுந்தது முதுகிலா பக்கவாட்டிலா, தப்பாத அந்த இரண்டு முறையும் இடுப்பு எங்கே இருந்தது என்ற கேள்விகள் மட்டுமே இருந்தன. அது வந்து சேர்ந்தது 2011 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை.