மூன்றாம் வார்டின் இடது தோள்

என் அண்ணிக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது தோள்பட்டைதான். முகமெல்லாம் அப்புறம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சே, "உனக்கு வலது தோள் அரை இன்ச் இறக்கம்" என்பதுதான். நாத்தனாரிடம் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் முப்பத்தெட்டு வருஷமாக அவள் தையல் கடையில்தான் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடை, நீதிமன்றத்துக்கு எதிர்த்தெருவில் இருக்கிறது. பத்தடிக்குப் பதினான்கடி. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவர் முழுக்கக் கறுப்பு. வக்கீல் கோட்டும் கவுனும் தவிர வேறு எதையும் அண்ணி தொடமாட்டாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதற்காகப் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். எங்கள் ஊர் வக்கீல்கள் அத்தனை பேருடைய கூனும் குறுக்கலும் அவளுக்கு அத்துப்படி. யார் எந்தக் கையில் கோப்பு தூக்குகிறார், யார் மேசையில் சாய்ந்தபடியே காலம் தள்ளுகிறார் என்பதெல்லாம், ரிப்பேருக்கு வரும் கோட்டைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் நீதிபதி புதுக் கவுன் அளவு பார்க்க வந்தார். அண்ணி வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அவர் தோளில் துணியைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஜெயிலைப் போய்ப் பாத்து எழுத என் தலைமையில ஒரு குழு இருக்கும்மா. அதிகாரிங்களோட எந்தச் சம்பந்தமும் இல்லாத சாதாரண ஆள் ஒருத்தர் அதில வேணும். நீங்க வர்றீங்களா?" என்றார்.

வாயில் ஊசியோடு என்ன சொல்ல முடியும்? "ம்?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள். அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் முத்திரை குத்திய உத்தரவும் கழுத்தில் மாட்டுகிற அட்டையும் வந்துவிட்டன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. எந்த வேலை வந்தாலும் ஒழுங்காகச் செய்துதான் அவளுக்குப் பழக்கம்.

ஆனால் முதல் தடவையே கோட்டை விட்டாள். எப்போது வேண்டுமானாலும், யாரிடமும் சொல்லாமல் அவள் சிறைக்குள் போகலாம் என்று உத்தரவில் தெளிவாக இருந்தது. இவளோ, சொல்லாமல் கொள்ளாமல் போனால் மரியாதையில்லை என்று முந்தின நாளே சிறைக் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டுவிட்டுப் போனாள். வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லியே பழகிய கடைக்காரி புத்தி! சொல்லிவிட்டுப் போனால் என்ன கிடைக்கும்? கழுவிய தரை, ஏலக்காய் மணக்கும் டீ, மூன்றாம் வார்டில் சம்மணமிட்டு உட்கார்ந்த அறுபது பேர். அறுபது பேருக்குக் கட்டிய வார்டு, பதிவேட்டிலும் அறுபது. மீதி நூற்றிருபது பேரைப் பின்பக்கம் புதிதாகக் கட்டிய நாலாம் வார்டுக்கு மாற்றி ஒரு வருஷமாகிவிட்டதாம். அதைத் தூரத்திலிருந்து கையை நீட்டிக் காட்டினார் கண்காணிப்பாளர். "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க மேடம், சாயங்காலம்தான் திரும்புவாங்க."

அண்ணியும் நம்பினாள். பார்வையாளர் புத்தகத்தில் அவளுக்கு முன்னால் வந்தவர்களெல்லாம் எழுதியிருந்த மாதிரியே 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாம் தடவையும் போன் போட்டுவிட்டுத்தான் போனாள். இந்த முறை கண்காணிப்பாளருக்கு உபசாரம் தலைக்கேறிவிட்டது. அண்ணி தையல்காரி ஆயிற்றே, சந்தோஷப்படட்டும் என்று, வழக்கமாக யாருக்கும் காட்டாத தையல் கொட்டகைக்கு அழைத்துப் போனார். கைதிகளின் கிழிந்த சட்டைகளை அங்கேதான் ஒட்டுப் போடுவார்கள். வாசலில் ஒரு காவலரை நிறுத்திவிட்டு, "மேடம் நிதானமா பாக்கட்டும்" என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆட்களையெல்லாம் ஒளித்து வைக்கத் தெரிந்த மனிதருக்குச் சட்டைகளை ஒளிக்க வேண்டும் என்று தோன்றவில்லை, பாவம்.

மெஷினில் ஆஜானுபாகுவாக ஒரு கைதி உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட ஒட்டைப் பார்த்ததும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா இது, சட்டையா தார்ப்பாயா? இம்மாம் பெரிய தையல் போட்டிருக்கீங்க?"

"தார்ப்பாய்தாம்மா எனக்குத் தெரியும்" என்றார் அவர். "நான் லாரி ஓட்டினவன். வழியில கிழிஞ்சா நாங்களே தைச்சுக்குவோம்."

அண்ணி ஒரு சட்டையை எடுத்துச் சின்னத் தையல் போட்டுக் காட்டினாள். அது இடது தோளில் நைந்திருந்தது. அடுத்ததை எடுத்தாள், அதுவும் இடது தோள். மூன்றாவதும் அப்படியே. பக்கத்தில் இருந்த கிழிசல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். மொத்தம் எண்பத்தாறு சட்டைகள். எண்பத்து மூன்றில் இடது தோளின் ஓரமும், முழங்கை வரைக்கும் கையின் வெளிப்பக்கமும் நைந்து வலைபோல் ஆகியிருந்தன. வலது பக்கம் புதுசாகவே இருந்தது.

"ஏன் எல்லாம் ஒரே பக்கம்?" என்று கேட்டாள்.

காவலர் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரர் சட்டையில் அளவு பார்ப்பதுபோலக் குனிந்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார். "நூத்தி எண்பது பேரும்மா. அந்தப் புது வார்டு பூட்டித்தான் கிடக்கு. நீங்க வர்றப்ப எங்களைச் சமையக்கட்டுக்குப் பின்னாடி கொண்டுபோய் உக்கார வச்சிடுவாங்க. ஒருத்தர் முகம் ஒருத்தர் மேல படக்கூடாதுன்னு எல்லாரும் இடது பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். ஒருத்தன் புரண்டா வரிசையே எந்திரிக்கணும், அடிதடி ஆயிடும். நான் மல்லாந்து படுத்துப் பதினோரு மாசம் ஆச்சு. இந்த உடம்பை வச்சுக்கிட்டு மூச்சு விட முடியல."

சொல்லிவிட்டு உடனே பயந்துபோனார். "நான் சொன்னேன்னு தெரியக்கூடாதும்மா. போன வருஷம் ஒருத்தன் வாயைத் திறந்தான், எங்கேயோ தொலைவுல இருக்கிற ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. வாராவாரம் என் பொண்ணு பஸ்ஸைப் பிடிச்சு வந்து பாக்குறா. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

கடைக்குத் திரும்பிய அண்ணி எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். "நமக்கு எதுக்கு அண்ணி இந்த வம்பு?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

"திருப்தின்னு எழுதிட்டு வந்தேனே, அதை யாருடி அழிப்பா?" என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடும். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் நிதானத்தில் இல்லை. ஒரு கவுனுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் பார்க்காத தப்பு. சொன்னால் அந்த மனிதருக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் அவருக்கு மூச்சே ஆபத்து. அவர் பெயர் வெளியே வராமல் விஷயத்தை மட்டும் வெளியே கொண்டுவர வேண்டும். இஸ்திரி போடும்போதுகூட வாய்க்குள்ளேயே பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் சிறைக்குள்ளேயே, கண்காணிப்பாளர் அறையில் நடந்தது. அங்கே நடந்ததை அண்ணி வாயால் ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் அவள் தண்ணீர் குடித்தாள் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

மூன்றாம் வார்டில் இடநெருக்கடி இருப்பதாக அண்ணி ஆரம்பித்ததுமே, கண்காணிப்பாளர் பார்வையாளர் புத்தகத்தை நீதிபதி முன்னால் விரித்தார். "மேடம் கைப்பட எழுதினதுங்க ஐயா. திருப்தி."

"ஆமா, நான் எழுதினதுதான்" என்றாள் அண்ணி. "அன்னிக்குக் கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். இன்னிக்குக் கொண்டு வந்திருக்கேன். தையல் கொட்டகையில இருக்கிற கிழிசல் மூட்டையை இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க ஐயா."

மூட்டை வந்தது. கோப்புகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சட்டையாக மேசைமேல் விரித்தாள். பத்தாவது சட்டையில் நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முப்பதாவதில் எழுந்து நின்றுவிட்டார்.

"அவங்க சுமை தூக்குறாங்க ஐயா, அதனால..." என்றார் கண்காணிப்பாளர்.

"சுமை தூக்கினா தோள் மேல தேயும். இது ஓரத்துல தேஞ்சிருக்கு. முழங்கை வரைக்கும் தேஞ்சிருக்கு. முழங்கையில யாராவது மூட்டை தூக்குவாங்களா? இது தரையில உரசுற தேய்மானம். இடமில்லாம எல்லாரும் ஒரே பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கிறாங்க."

"யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று கண்காணிப்பாளர் குரலை உயர்த்தினார். "எந்தக் கைதி சொன்னான்?"

இந்தக் கேள்விக்குத்தான் அண்ணி பன்னிரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"எனக்கு யாருங்க சொல்லணும்? நாப்பது வருஷமா தோளைப் பாத்தே பொழைக்கிறவ நான். உங்களுக்கும் சொல்றேன், போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டே பேசிப் பேசி உங்க இடது தோள் ஏறிப்போச்சு. அதை எந்தக் கைதி வந்து எங்கிட்டச் சொன்னான்?"

நீதிபதி சிரித்துவிட்டார். கண்காணிப்பாளர் தன்னையறியாமல் தோளைத் தடவிக்கொண்டார். அண்ணி விடவில்லை. ஒரு சட்டையின் காலரைத் திருப்பி, உள்ளே குத்தியிருந்த வார்டு முத்திரையைக் காட்டினாள்.

"இதுல மூணுன்னு இருக்கு. இதுலயும் மூணு. ஒண்ணு இருக்கு, ரெண்டு இருக்கு. எண்பத்தாறு சட்டையிலயும் தேடிட்டேன், நாலாம் நம்பர் ஒண்ணுகூட இல்ல. நாலாம் வார்டுல நூத்தி இருபது பேர் ஒரு வருஷமா இருக்காங்கன்னு சொல்றீங்க. அவங்கள்ல ஒருத்தர் சட்டைகூடவா கிழியல? அப்படி என்ன துணிங்க அது? சொன்னா நானும் கடையில வாங்கி வைப்பேன்."

நீதிபதி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, "வாங்க, நாலாம் வார்டைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அங்கே போனால் சாவி இல்லை. இரண்டு பேர் ஓடினார்கள். சாவி கிடைத்தால் பூட்டு திரும்பவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, உலுக்கி, கடைசியில் சம்மட்டி கொண்டுவந்து உடைத்தார்கள். உள்ளே நீளமான நாலு கூடங்கள். வரிசையாக ஜன்னல்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நூற்றிருபது மெத்தைகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. தரையில் தூசி அரை விரல் கனம். ஒரு காலடித் தடம் கிடையாது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டப் பெரிய மனிதர் யாரும் தேதி கொடுக்கவில்லையாம். அதற்குள் மேலிடத்துக்கு 'திறந்தாயிற்று' என்று எழுதியும் அனுப்பிவிட்டார்களாம். ஒரு ரிப்பனுக்காக நூற்றெண்பது மனிதர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள்!

நீதிபதி நின்ற இடத்திலேயே உத்தரவு எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் நூற்றிருபது பேரும் அங்கே வந்துவிட வேண்டும். அதோடு, பேசினார் என்ற சந்தேகத்தில் எந்தக் கைதியையும் இடம் மாற்றக்கூடாது, மாற்றினால் தனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது அண்ணி. அவள் யாருக்காகக் கேட்டாள் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது.

வாளியும் துடைப்பமுமாகக் கைதிகளே கூடத்தைக் கழுவினார்கள். ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்ததாம். அன்றைக்குத் துணைக்குப் போய் வெளியே கேட்டருகே நின்ற எனக்கே அது கேட்டது. உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்து நான்தான் நடுங்கிப் போனேன். கேட்டைத் தாண்டி வந்த அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். இவள் என் அண்ணி என்று தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனாள். இந்தத் தடவை போனும் கிடையாது, ஒன்றும் கிடையாது. விடுமுறை நாள், மத்தியானம். நாலாம் வார்டில் மெத்தைக்கு மெத்தை இடைவெளி விட்டு எல்லோரும் ஓய்வாகக் கிடந்தார்கள். கடைசி ஜன்னல் பக்கம் லாரிக்காரர். கையையும் காலையும் பரப்பிப்போட்டு, கூரையைப் பார்த்து மல்லாந்து கிடந்தார். குறட்டைச் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது என்று அண்ணி சொன்னபோது நான் நம்பவில்லை. அவள் சத்தியம் செய்தாள்.

பார்வையாளர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. காவலர் அவரை எழுப்பக் கையை ஓங்கினார். அண்ணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவரைப் பத்தி ஒரு புகார் இருக்கும்மா" என்று காவலர் காதோடு சொல்லி, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். நாலாம் வார்டிலிருந்து வந்த முதல் புகார் அது. இவருடைய குறட்டையால் தூங்க முடியவில்லை என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "என்ன நடவடிக்கை எடுக்கிறதுன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பத்திரமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணு மட்டும் நிலுவையிலேயே இருக்கட்டும்" என்றாள்.