செட்டுச் சோற்றில் கினோவா

முதல் சில நாள்கள் என் கணவரின் சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பி வந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன். மூடியைத் திறந்து பார்ப்பேன். ஓரத்தில் ஒட்டிய ஒரு கறிவேப்பிலை, இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள், அவ்வளவுதான். அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிடிக்காமல் போனால் எனக்கு வேறு வழியும் தெரிந்திருக்கவில்லை.

என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் இடம். இந்த ஆண்டு அவரையும் இன்னும் சிலரையும் நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஆலை மருத்துவர் உடம்பைப் பரிசோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். உலைப் பக்கம் நிற்கிறவர்களுக்கு அதில் சலுகை கிடையாது. அந்த நேரம் பார்த்து, காலில் வந்த கொப்புளம் ஆறவில்லையே என்று கவரைப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார். மாத்திரை எழுதினார்.

"மாத்திரை பாதிதாம்மா. மீதி சாப்பாட்டுல இருக்கு. அரிசியக் குறைங்க."

இதை அவர் என் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வேலை கிடைப்பதும் கிடைக்காததும் என் அடுப்பில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அரிசியைக் குறைப்பது எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு இல்லை. எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இன்னும் நெல்தான் வைக்கிறார். மூட்டை வந்து இறங்கும்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். கேழ்வரகுக் களி செய்கிறேன் என்றேன். அதற்கு அவரை முந்திக்கொண்டு என் கணவர் வேண்டாம் என்றார்.

"கேவுரு, தின, சாம, எத எட்துக்கினு போனாலும் சுகர் பார்ட்டின்னு பேரு வெச்சிருவானுங்க. ஒருத்தருக்கு அப்படித்தான் வெச்சானுங்க. பேரு சூப்பர்வைசர் காதுல உழுந்துது. மெடிக்கல் வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

அதனால்தான் கினோவா. கைப்பேசியில் தேடித் தேடிப் பார்த்ததில் அதுதான் பொருத்தமாகப் பட்டது. தாளித்துக் காய்கறி போட்டால் பார்க்க ரவை உப்புமா மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாத தானியம். தெரியாததை வைத்து யாரும் பேர் வைக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். சர்க்கரைக்கு நல்லது என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. இதிலும் மாவுச்சத்து உண்டு, அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று இன்னோரிடத்தில் போட்டிருந்தது. எதை நம்புவது என்று யாரைக் கேட்பேன்? அளவாகவே வைப்போம் என்று வாங்கிவிட்டேன்.

முதல் தடவை சோறு மாதிரி நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, தட்டு போட்டுக் கவிழ்த்து வடித்தேன். கஞ்சி வடியும் இடைவெளியில் மணியும் கூடவே வழிந்து போய்விட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "கஞ்சியோட சோறும் சேந்து போவுதே. இனிமே பாத்திரத்த துன்னச் சொல்லு அவன" என்றார். மிஞ்சியதை வாயில் வைத்தால் கசப்பு. கழுவுவது போதவில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த நாள் மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் அலசினேன். நுரை வந்துகொண்டே இருந்தது.

"துணி தொவைக்கிற மாதிரி நொர வருதே. இத்த துன்னா வயிறு வெளுத்துடும் போ."

"நுரை நிக்கற வரைக்கும் அலசணும் அத்த."

"நின்ன பிறவு அதுல இன்னா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, அவர் கேட்பது நியாயம்தானோ என்றும் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர், சின்னத் தீ, மணியிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு வால் பிரிந்து வந்ததும் அடுப்பை அணைத்து மூடி வைப்பது. இதெல்லாம் கைக்கு வரச் சில நாள் ஆனது. கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய், கேரட், பீன்ஸ், கடைசியில் எலுமிச்சை. மூன்று வயதாகும் என் மகள் அதற்குக் குட்டிச் சோறு என்று பெயர் வைத்தாள். தனக்கும் கேட்டாள். ஊட்டிவிட்டேன். ஊட்டிய பிறகு, இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கொடுத்திருக்கலாமா என்று அன்று முழுக்க அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். மத்தியானம் தட்டு நிறையக் கினோவா வைத்தேன். நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"இன்னா இது, மென்னாலும் வாய்லயே கீது. தொண்டக்குள்ள எறங்க மாட்டேங்குது."

"தினமும் இதைத்தானே சாப்பிடறீங்க?"

அவர் மகளுக்கு ஒரு வாய் ஊட்டினார். பிறகு, "தெனம் ஒரு வாய் துன்றேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உலைப் பக்கம் வேலை செய்யும் ஆறு பேர் ஒரு செட்டு. மதியம் கொட்டகை ஓரம் செய்தித்தாளை விரித்து ஆறு டப்பாவையும் நடுவில் திறந்து வைப்பார்கள். எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பங்கு. தன் டப்பாவைத் தானே சாப்பிடும் வழக்கம் அங்கே கிடையாது. இவர் கொண்டுபோனது புதிதாக இருந்ததால் ஆளுக்கு ஆள் கை வைத்தார்கள். டப்பா காலியானது அப்படித்தான். அவர் சாப்பிட்டது மற்ற ஐந்து டப்பாக்களை.

"அதுல இன்னா இருந்துது?"

"புளிசோறு. உருளக்கெழங்கு. ஒருத்தன் ஊட்ல விசேசம், கேசரி."

"நீங்க உங்க டப்பாவ உங்க கிட்டயே வெச்சுக்கக் கூடாதா?"

"ஆறு பேரு குந்திக்கினு இருக்கும்போது ஒருத்தன் மட்டும் டப்பாவ மடியில வெச்சுக்கினு துன்னா, அப்பறம் அவன் மூஞ்சிய எவன் பாப்பான்?"

கோடையில் ஒருநாள் அவருக்கு உலை முன்னால் தலை சுற்றியிருக்கிறது. செட்டில் மூத்தவர் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மோர் கொடுத்து, அன்றைய ஷிப்டு முடிகிற வரைக்கும் இவர் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். வெயில் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இதையும் அன்றுதான் சொன்னார். இரும்பு சிவந்து வரும் இடத்தில் யார் தோளைப் பிடித்து இழுப்பார்களோ அவர்களிடம் டப்பாவை மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆறு பேருக்கும் சேர்த்துச் செய்வது. பெரிய டப்பா எடுத்தேன். காலையில் அலசுவதற்கே பொழுது போய்விடும். குழந்தை ஒருபக்கம் அழும்.

"ஊரு ஒலகத்துக்கே பத்தியச் சோறு ஆக்குறா எம்மருமவ" என்று மாமியார் பால்காரரிடம் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா கிண்டலாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என் கணவரின் பங்கு இரண்டு வாய் கூடியது. ஆனால் பெரிய டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பி அனுப்ப செட்டில் இருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் அதில் அதிரசம் வந்தது. மூத்தவரின் மனைவி எனக்கும் குழந்தைக்கும் கொடுத்தனுப்பியது. "வழில ரெண்டு துன்னுட்டேன்" என்றார் என் கணவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

அதற்குப் பிறகு அந்த அக்காவே போன் செய்தார்.

"தங்கச்சி, ஒலப் பக்கம் பெரியவரு கீறாரே, அவரு சம்சாரம் பேசறேன். அது இன்னா ரவ தங்கச்சி? எங்க ஊட்டுக்காரரு அதப் பத்தியேதான் பேசறாரு. இத்தினி வருசமா நான் ஆக்கிப்போட்டது ஒன்னும் அவருக்கு நெனப்பில்ல."

"ரவை மாதிரி ஒண்ணுக்கா."

"அதான், அதும் பேரு இன்னா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் சுட்ட அதிரசம் இன்னும் எங்கள் வீட்டில் இருந்தது. தினமும் ஆக்குகிறவள் பெயர் தெரியாது என்றால் சொல்ல மனமில்லை என்றுதானே நினைப்பார்? சொன்னேன். கூடவே, இது எங்கே போய் முடியுமோ என்றும் இருந்தது. "சரி தங்கச்சி, எம்பொண்ணு போன்ல பாத்து வாங்கிடுவா" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பெண் போனில் பார்த்திருக்கிறாள். முதலில் வந்ததே, சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்பதுதான்.

மறுநாள் சாயங்காலம் என் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"'நைனா, உனுக்கு சுகரா?'ன்னு பெரியவரு கேட்டாரு."

"எல்லார் எதிர்லயுமா?"

"மெதுவாத்தான் கேட்டாரு. ஆனா எல்லாரும் துன்றத நிறுத்திட்டானுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார். சொல்லவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கினோவாவை யாரும் தொடவில்லை. மொத்தத்தையும் அவர் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அவர் கை புளிசோற்றுப் பக்கம் போனால் ஒருவர் டப்பாவை நகர்த்துகிறார். "அது வோணாம் நைனா, உன்னுத நீ துன்னு." அன்போடுதான். ஐந்து பேரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நான் ஆசைப்பட்டது இதுதான். நான் ஆக்கியது மொத்தமும் அவருக்கே போகிறது. டப்பா பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வர ஆரம்பித்தது. ஆறிப்போய்க் கட்டிதட்டியதைக் கரண்டியால் வழித்துக் கொட்டும்போது எனக்குக் கோபம் வரவில்லை, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அலசுவது குறைந்து கசக்கிறதோ, எலுமிச்சை கூடிவிட்டதோ என்று அதையே யோசித்தேன். தயிரில் பிசைந்து கொடுத்தேன். அடையாகத் தட்டினேன். இட்லி மாவில் கலந்தேன். அதுவும் பாதியாகவே வந்தது.

மாமியார் ராத்திரிச் சாப்பாட்டில் மகன் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாக்காத. மெலிஞ்சு பூட்டான். நம்ம ஊட்டு அரிசி, ஒரு கரண்டில ஒன்னும் ஆயிடாது."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் அந்தச் சோற்றை ஆசையாகச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது. சாப்பிட்டு முடிக்கிற வரை டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பரிசோதனை அன்று வெறும் வயிற்றோடு போகச் சொல்லியிருந்தார்கள். காலை நாஷ்டாவும் கட்டவில்லை, மதியத்துக்கும் கட்டவில்லை. கழுவ எதுவும் இல்லாமல் காலை நேரம் நீளமாக இருந்தது. குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தேன், துணி மடித்தேன், மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். மத்தியானத்துக்கு மேல் போன் வந்தது.

"கொஞ்சம் எறங்கிக் கீதாம். ஆனா பத்தாதாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கறோம்னுட்டாங்க."

"அதுவரைக்கும் வேலை?"

"வேல கீது. பர்மனென்ட்தான் இல்ல. ஒலப் பக்கம் வோணாம்னு கம்பி கட்டுற பக்கம் போட்டுட்டாங்க."

இறங்கியிருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்வதா, பத்தாது என்பதையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரிக் கரண்டிச் சோற்றைத் தடுத்திருந்தால் பத்தியிருக்குமோ? அதைக் கேட்காமல் வேறொன்று கேட்டேன்.

"கம்பி கட்டுற பக்கம் யாரு இருக்காங்க?"

"வேற செட்டு. எட்டு பேரு. அவங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"அங்கயும் பங்குதானா?"

"பின்ன?"

சாயங்காலம் அவர் வந்ததும், "நீங்களே முதல்ல சொல்லிடுங்களேன்" என்றேன். "டாக்டர் சொல்லியிருக்காரு, நான் இதத்தான் சாப்பிடணும்னு."

"மொத நாளே போய்க் குந்தி, எனக்கு சீக்கு கீதுன்னு சொல்லணுமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "எப்படிச் சொல்றதுன்னு நீயே சொல்லு. அப்படியே சொல்லிடறேன்."

நான் படித்தவள்தான். இரண்டு மூன்று வாக்கியங்கள் மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் எட்டுப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பதுதான் கண்ணில் வந்தது.

மறுநாள் காலையில் கினோவாவும் ஆக்கினேன், புளிசோறும் கிளறினேன். எது வேண்டுமோ அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டையும் தனித்தனி டப்பாவில் கட்டி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, முன்னறையில் குழந்தைக்குத் தலை வார உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய் வருவதும் செருப்பு மாட்டுவதும் கேட்டது. நான் நிமிரவில்லை. சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது.

"ஏம்மா, ஒரு டப்பா இங்கியே உட்டுட்டுப் பூட்டானே" என்று மாமியார் உள்ளேயிருந்து சொன்னார்.

"இருக்கட்டும் அத்த" என்றேன். எது என்று கேட்கவில்லை.